அந்தமானுக்குப் பெட்டி கட்டுமுன்

(பத்தாம் வகுப்பு மாணவி)

வேலூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வெயிலைப் பற்றி எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை என்பது எங்கள் வீட்டாரின் நெடுநாளைய எண்ணம். கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் அமர்ந்து வடகம் பிழிபவர் எங்கள் பாட்டி. ஆகவே 2025ஆம் ஆண்டு மே மாதம், சித்தப்பாவின் கைக்குழந்தையைப் பார்க்க நாங்கள் குடும்பத்தோடு அந்தமானுக்குப் புறப்பட்டபோது வெப்பத்தைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை. "அங்கே முப்பத்தொரு டிகிரிதானாம். நமக்கு அது ஏலகிரி மாதிரி" என்றார் அப்பா. நாங்களும் நம்பினோம். அந்த நம்பிக்கை எங்கள் பாட்டியின் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது. தோழிகளில் யாரேனும் விடுமுறையில் அந்தமானுக்கோ, அதுபோன்ற வேறு வெப்பமண்டலத் தீவுக்கோ செல்வதாக இருந்தால் எங்கள் அனுபவம் உதவட்டும் என்றே இதை எழுதுகிறோம்.

சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது போர்ட் பிளேர். 2024 முதல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். எனினும் சித்தப்பா இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார். கப்பலில் போனால் மூன்று நாள் ஆகும். பாட்டிக்குக் கப்பலில் போகத்தான் ஆசை, அம்மா சம்மதிக்கவில்லை. விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலாயிற்று.

சென்ற மூன்றாம் நாள் செல்லுலார் சிறையைப் பார்க்கப் போனோம். காலைப் பலகாரத்தை நிதானமாக முடித்துக்கொண்டு பத்தரை மணிக்கு உள்ளே நுழைந்தோம். 1906இல் கட்டி முடிக்கப்பட்ட அச்சிறையின் ஏழு பகுதிகளில் மூன்றே இன்று எஞ்சியுள்ளன. ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டு மேல்தளத்திலும் ஏறினோம். பாட்டி கட்டியிருந்தது நைலக்ஸ் சேலை, முழங்கை வரை இறுகிய ரவிக்கை. காலையிலிருந்து அவர் அரை டம்ளர் தண்ணீர்தான் குடித்திருந்தார். காரணம் நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்ததே: வெளியூரில் கழிப்பறை தேடி அலைய வேண்டுமே என்ற பயம்.

பதினொன்றேகால் மணியிருக்கும். பாட்டி அம்மாவைப் பார்த்து, என்றோ இறந்துபோன தம் தங்கையின் பெயரைச் சொல்லி அழைத்தார். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துவிட்டோம். மறு நிமிடம் அவர் கைப்பிடிச் சுவரைப் பற்றியபடியே சரிந்தார். அங்கிருந்தவர்கள் சிலர் ஓடிவந்து அவரை நிழலுக்குத் தூக்கிச் சென்றனர். வங்காளி அம்மாள் ஒருவர் தம் துப்பட்டாவைத் தண்ணீரில் நனைத்துப் பாட்டியின் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, கையிலிருந்த நாளிதழால் விசிறிக்கொண்டே இருந்தார். நாங்கள் பாட்டியின் வாயில் தண்ணீர் ஊற்றப் போனோம். அவர் எங்கள் கையைத் தட்டிவிட்டார். அப்போது எங்களுக்குக் கோபம்கூட வந்தது. நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும் என்பது பிறகுதான் தெரிந்தது.

மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "இவர் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்பதுதான். அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார். இரத்த அழுத்தத்துக்கு ஒரு வெள்ளை மாத்திரை, காலையில் ஒரு சிறிய மாத்திரை. பெயர் எவருக்கும் தெரியவில்லை. மருத்துவச் சீட்டு வேலூரில் பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது! பாட்டி டப்பாவில் கொட்டி எடுத்து வந்த மாத்திரைகளைச் சித்தப்பா வீட்டிலிருந்து கொண்டுவந்து காட்டினார். அந்தச் சிறியது, உடலிலுள்ள உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரையாம். குடித்ததோ அரை டம்ளர். மாத்திரையும் வியர்வையும் இருந்த நீரையும் வெளியேற்றிவிட்டன. இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் வெப்பத் தாக்குதலாகவே ஆகியிருக்கும் என்றார் டாக்டர். சலைன் ஏற்றிய பின் மாலையில் பாட்டி கண் விழித்து, "குழந்தைக்குப் பால் கொடுத்தாச்சா?" என்று கேட்டபோதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

நாற்பத்தொரு டிகிரியைத் தாங்கியவர் முப்பத்தொன்றில் ஏன் விழுந்தார்? இந்தக் கேள்வி எங்களை விடவில்லை. ஊர் திரும்பியதும் எங்கள் அறிவியல் ஆசிரியையிடம் கேட்டோம். அவர் பதில் சொல்லாமல், "உங்கள் வீட்டில் மண்பானை இருக்கிறதா?" என்று திருப்பிக் கேட்டார்.

மண்பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது பானையிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. உள்ளே இருக்கும் நீர் குளிர்கிறது. நம் உடலும் ஒரு மண்பானைதான். வியர்வை சுரப்பதால் மட்டும் உடல் குளிர்வதில்லை; அது ஆவியாக வேண்டும். வேலூரின் கோடைக் காற்று உலர்ந்தது. வியர்வையை உடனே உறிஞ்சிவிடும். அந்தமானின் காற்றோ ஏற்கெனவே நீராவியால் நிறைந்தது. வியர்வை வழிந்து சேலையை நனைக்குமே தவிர, ஆவியாகாது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பர். வியர்வையால் உடல் எவ்வளவு குளிர முடியும் என்பதை அது ஒருவாறு காட்டும். 41 டிகிரி வெயிலில் காற்றின் ஈரப்பதம் 25 சதவீதம் இருந்தால் ஈரக்குமிழ் சுமார் 25 டிகிரி. 31 டிகிரியில் ஈரப்பதம் 80 சதவீதம் இருந்தால் அது சுமார் 28. ஏலகிரி என்று நாங்கள் எண்ணிய இடம் உடலின் கணக்கில் வேலூரைவிடக் கடுமையானது! சித்தப்பா வீட்டிலும் மண்பானை உண்டு. அதிலுள்ள தண்ணீர் எங்கள் வீட்டுத் தண்ணீர்போல் ஏன் குளிரவில்லை என்று முதல் நாளே தம்பி கேட்டான். யாரும் அவனுக்குப் பதில் சொல்லவில்லை.

மற்றொரு தவறு கடிகாரத்தில் இருந்தது. இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம். அது 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. போர்ட் பிளேர் ஏறக்குறைய 92¾ டிகிரியில் இருக்கிறது. ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம் என்று நாம் ஒன்பதாம் வகுப்பில் போட்ட கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள்: நாற்பத்தொரு நிமிடம் வரும். அங்கே சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கன்று. மே மாதத்தில் பதினொன்றேகாலுக்கே. பாட்டி விழுந்த நேரம் சரியான நடுப்பகல். காலை நேரம் என்று எண்ணி நாங்கள் உச்சி வெயிலில் படியேறியிருக்கிறோம். மே மாதத்தில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடுகிறது. நாங்கள் ஏழு மணி வரை தூங்கினோம். வெளியே சுற்ற ஏற்ற நேரம் விடியற்காலை முதல் எட்டரை வரை. பிறகு மாலை மூன்றரைக்கு மேல்.

அப்படியானால் எந்த மாதத்தில் போகலாம்? இவ்விஷயத்தில் பள்ளி விடுமுறையும் அந்தமானின் வானிலையும் ஒத்துப்போவதே இல்லை. ஏப்ரலில் மழை குறைவு, கடலும் அமைதி. ஆனால் ஏப்ரல் 20ஐ ஒட்டி நண்பகலில் சூரியன் போர்ட் பிளேருக்கு நேர் உச்சியில் நிற்கிறது. நட்டு வைத்த கம்புக்கு நிழலே விழாது. மே 20 வாக்கில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். கேரளத்துக்கு ஜூன் 1 என்றால் அந்தமானுக்குப் பத்து நாள் முன்னதாகவே. அதற்குள் திரும்பிவிடலாம் என்று 19ஆம் தேதிக்குப் பயணச்சீட்டு எடுத்திருந்தோம். 2025இலோ மழை மே 13ஆம் தேதியே அந்தமான் கடலுக்கு வந்துவிட்டது! எஞ்சிய நாட்களில் ஜன்னலோரம் அமர்ந்து மழையைப் பார்த்தோம். கடல் கொந்தளித்ததால் ஸ்வராஜ் தீவுக்குப் போகும் எண்ணத்தைக் கைவிட்டோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயல்களும் உண்டு. அந்தமான் கடலில் உருவாகி நம் கரையைத் தேடி வரும் புயல்களை வானொலியில் கேட்டிருக்கிறோமே! மிஞ்சுவது ஜனவரி, பிப்ரவரி, மார்ச். பெரியவர்களை அழைத்துச் செல்வதானால் இம்மாதங்களை விட்டு வேறு மாதத்தை யோசிக்கவே கூடாது என்பது எங்கள் கருத்து. கோடை விடுமுறையை விட்டால் வழியில்லை என்பவர்கள் மே முதல் வாரத்துக்குள் திரும்பிவிடுவது நல்லது.

இனிப் பெட்டியைப் பற்றி. அங்கே எதுவும் எளிதில் உலராது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் எதை எடுப்பது, எதை விடுவது என்பது தானே விளங்கும். தம்பி இரண்டு ஜீன்ஸ் கால்சட்டைகள் எடுத்து வந்தான். முதல் நாள் நனைந்த ஒன்று நான்காம் நாளும் ஈரமாகவே கொடியில் தொங்கியது. அதிலிருந்து வந்த நாற்றத்தை இப்பத்திரிகையில் வருணிப்பது முறையன்று. பருத்தி என்றாலும் கனத்த பருத்தி பயன்படாது. மெல்லிய, தளர்ந்த உடைகளே வேண்டும். பூத்துவாலையை வீட்டில் வைத்துவிட்டுக் காசித்துண்டு இரண்டு கொண்டுபோனால் போதும். அப்பாவின் தோல் செருப்பில் பூசணம் பூத்தது. அம்மா துணிப்பையில் கட்டி எடுத்து வந்த நூறு கைமுறுக்கும் இரண்டே நாளில் நமத்துப்போயின. சித்தி மரியாதைக்காக ஒன்றைத் தின்றார். இறுக மூடிய எவர்சில்வர் தூக்கில் போட்டிருந்தால் பிழைத்திருக்கும்.

குடை அவசியம், மழைக்கு மட்டுமல்ல, வெயிலுக்கும். கடற்கரையில் பவளத் துண்டுகள் காலைக் கிழிக்குமாதலால் வார் வைத்த ரப்பர் செருப்பு வேண்டும். மாலையில் கொசுவும் மணல் ஈயும் கடிக்கும். முழுக்கைச் சட்டை ஒன்று கைவசம் இருக்கட்டும். சீக்கிரம் இருட்டிவிடுவதால் டார்ச் விளக்கும் வேண்டும். திரும்பும்போது சிப்பிக்கும் பவளத்துக்கும் பெட்டியில் இடம் ஒதுக்க வேண்டாம். கரையில் அவற்றைப் பொறுக்கி எடுத்துவர அனுமதியில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே, திறந்தவுடன் கைக்கு எட்டும்படி, மருந்துப் பொட்டலம். மாத்திரைகளை டப்பாவில் கொட்டாமல் பெயர் அச்சிட்ட அட்டையோடு வைக்க வேண்டும். மருத்துவச் சீட்டின் நகல் இரண்டு எடுத்து, ஒன்றைப் பெட்டியிலும் மற்றொன்றை அவரவர் கைப்பையிலும் வைக்க வேண்டும். இத்தகைய மாத்திரைகளை நாமாக நிறுத்துவதும் ஆபத்து. புறப்படுமுன் டாக்டரிடம் "இன்ன ஊருக்குப் போகிறோம்" என்று சொல்லிக் கேட்பதே சரி. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் ஆளுக்கு இரண்டு வீதம் எடுத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு மட்டமான தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்க வேண்டும். கை தாராளமாக உள்ளவர்கள் இங்கே அதைக் கட்டுப்படுத்த வேண்டும். உப்பு மிகுந்தால் கெடுதல்.

2026 ஜனவரியில் பாட்டி மறுபடியும் புறப்பட்டார். பேரனின் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லையாம்! இம்முறை அப்பாவும் அம்மாவும் மட்டும் உடன் சென்றனர். அரசுப் பொதுத் தேர்வு எங்களை வீட்டோடு கட்டிப்போட்டதால் அத்தையின் பாதுகாப்பில் இருந்துவிட்டோம். ஆனால் பாட்டியின் பெட்டியை நாங்களே அடுக்கினோம். நைலக்ஸ் சேலைகளை எடுத்துவிட்டு நான்கு சுங்குடிச் சேலைகள், தளர்ந்த பருத்தி ரவிக்கைகள், காசித்துண்டு, குடை, மருந்து அட்டை, சீட்டின் நகல், தண்ணீர்ப் புட்டி. புட்டியின் மேல் ரப்பர் வளையங்கள் மாட்டினோம். ஒரு புட்டி குடித்து முடித்தால் ஒரு வளையத்தைக் கழற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. இரவில் தொலைபேசியில் "எத்தனை வளையம், பாட்டி?" என்று கேட்போம். முதல் நாள் "ஒன்று" என்றார். மறுநாள் மூன்று. ஒரு நாள் ஐந்து என்றதும் சந்தேகம் வந்து சித்தியிடம் விசாரித்தோம். குழந்தைக்கு விளையாட்டுக் காட்ட இரண்டைச் சும்மா கழற்றினாராம்.

செல்லுலார் சிறையின் மேல்தளத்துக்கு இம்முறையும் ஏறினார்; காலையில் திறந்த உடனே போய், வெயில் ஏறுமுன் இறங்கிவிட்டார்.

ஊர் திரும்பியதும் பெட்டியைத் திறந்து பார்த்தோம். எல்லாச் சேலைகளும் பயன்பட்டிருந்தன. மாத்திரை அட்டையில் எண்ணிக்கை சரியாக இருந்தது. அடியில் மட்டும், நாங்கள் வைக்காத பொருள் ஒன்று மடிப்புக் கலையாமல், அந்துருண்டை வாசனையோடு கிடந்தது. பாட்டியின் கம்பளிச் சால்வை!

"ஜனவரி மாசமாச்சே" என்றார் பாட்டி.