48,213ஆம் எண் எங்கே போனது?

“அக்கா, ரசீது கையில இருக்கு. காசு மட்டும் ஊருக்குப் போகலை.”

2019ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. அப்போது நான் வெளிநாட்டு ஊழியர்கள் ஊருக்குப் பணம் அனுப்பும் ஒரு நிறுவனத்தில் மென்பொருள் பொறியாளர். வாடிக்கையாளர்களிடம் நான் பேசும் வழக்கம் இல்லை. அன்று தமிழ் தெரிந்த ஊழியர் விடுப்பில் இருந்ததால் தொலைபேசி என் மேசைக்கு வந்தது. பேசியவர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், கட்டுமானத் தளத்தில் வேலை. சனிக்கிழமை மாலை தேக்கா முகப்பில் 1,200 வெள்ளி கட்டியிருக்கிறார். அம்மாவின் அறுவை சிகிச்சைக்கு மருத்துவமனை கேட்ட முன்பணம் அது. செவ்வாய்க்கிழமை சிகிச்சை.

கணினியில் தேடினேன். பதிவு இருந்தது. வரிசை எண் 48,213, பணம் பெற்றாகிவிட்டது, எல்லாம் பச்சை. ஆனால் இந்தியாவில் உள்ள வங்கிக்கு அந்தத் தகவல் போகவே இல்லை. 48,212 போயிருக்கிறது. 48,214 போயிருக்கிறது. நடுவில் உள்ளவர் மட்டும் விடுபட்டிருக்கிறார்.

கையால் அனுப்பிவைத்தோம். அவருக்குத் திரும்ப அழைத்துச் சொன்னேன். பணம் செவ்வாய் மாலைதான் சேரும். சிகிச்சை வியாழனுக்குத் தள்ளிப்போனது. “பரவால்லக்கா” என்றார். அந்தப் ‘பரவால்ல’ அன்று முழுவதும் என் காதில் இருந்தது.

மாலையில் சேவைப் பிரிவில் விசாரித்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. இப்படி முன்பும் நடந்திருக்கிறது. யாராவது புகார் செய்தால் கையால் அனுப்பிவிடுவார்களாம். “சிஸ்டம் சில நேரம் மறந்துடும்” என்று ஒருவர் இயல்பாகச் சொன்னார். கணினி மறப்பதில்லை. நாம் கேட்கும் கேள்வி தவறாக இருந்தால்தான் பதிலும் தவறாக வரும்.

எங்கள் கேள்வி இதுதான். ஒவ்வொரு பதிவுக்கும் தரவுத்தளம் ஒரு வரிசை எண் தரும். வங்கிக்கு அனுப்பும் நிரல் சில விநாடிகளுக்கு ஒருமுறை வந்து, “கடைசியாக நான் பார்த்த எண்ணுக்குப் பிறகு என்ன இருக்கிறது?” என்று கேட்கும். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது, இல்லையா?

பலதுறை மருந்தகத்தை நினைத்துப் பாருங்கள். உங்களுக்கு 57, பின்னால் வந்தவருக்கு 58. நீங்கள் முதலில் உள்ளே போனீர்கள். மருத்துவர் இரத்த அழுத்தத்தை இரண்டு முறை பார்க்கிறார். பக்கத்து அறைக்குப் போன 58 மருந்துச் சீட்டோடு வெளியே வந்துவிட்டார். வாசலில் இருப்பவர் “58 வரை முடிந்தது” என்று எழுதிக்கொண்டு இனி 59ஐ மட்டும் எதிர்பார்த்தால், நீங்கள் வெளியே வரும்போது உங்களைப் பார்க்க யாரும் இருக்கமாட்டார்கள்.

48,213க்கு நடந்தது அதுவே. எண் வாங்கிவிட்டார், அவருடைய அடையாள அட்டைச் சரிபார்ப்பு சற்றுத் தாமதமாக, பதிவு உறுதியாகச் சில விநாடிகள் பிடித்தன. உறுதியாகாத பதிவு மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில் அடுத்த முகப்பில் 48,214 முடிந்துவிட்டது. சம்பளம் போட்ட சனிக்கிழமை மாலையில், முகப்புகள் எல்லாம் நிரம்பி வழியும்போது, இது நடக்காமல் இருந்தால்தான் வியப்பு.

முதலில் வந்த யோசனை, நிரலைப் பத்து விநாடி தாமதித்துப் பார்க்கச் சொல்வது. பதினோரு விநாடி ஆனால் என்ன செய்வது என்ற கேள்விக்குக் கூட்டத்தில் யாரிடமும் பதில் இல்லை.

நாங்கள் பயன்படுத்தியது போஸ்ட்கிரெஸ். அதற்குள் இன்னொரு எண் வரிசை ஓடிக்கொண்டிருக்கிறது. எழுதும் வேலை செய்யும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அது தனக்காக ஓர் எண் போட்டுக்கொள்கிறது. எந்தப் பதிவு யாருக்குத் தெரியலாம் என்பதை அதை வைத்தே முடிவுசெய்கிறது. உள்வீட்டுக் கணக்கு. அதை வெளியே இருப்பவர்களும் கேட்டுப் பெற ஒரு செயற்கூறு உண்டு. ‘டிஎக்ஸ்ஐடி கரண்ட்’ என்பது அதன் பழைய பெயர். ஸ்கைப் நிறுவனத்தின் பொறியாளர்கள் தங்கள் தரவுத்தளங்களுக்கிடையே தகவலை வரிசை தவறாமல் கடத்த உருவாக்கிய கருவிகளிலிருந்து, 2008இல் வெளிவந்த 8.3 பதிப்பில் அது இடம்பிடித்தது. எங்கள் சிக்கலும் அவர்களுடையதும் ஒரே இனம் என்று அறிந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

எண்ணை மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. கூடவே இன்னொன்றைக் கேட்க முடியும்: “இந்த நொடியில் இன்னும் முடியாமல் உள்ளே இருப்பவர்களில் மிகச் சிறிய எண் எது?” மருந்தகத் தாதியிடம் கேட்பதுபோல. அவர் “57” என்றால், 56 வரை அத்தனை பேரும் வெளியேறிவிட்டார்கள் என்று பொருள். 58 வெளியே வந்து நின்றாலும் அவரைத் தொடக்கூடாது. ஒவ்வொரு பதிவோடும் அதன் பரிவர்த்தனை எண்ணையும் எழுதிவைத்தோம். சென்ற முறை தாதி சொன்ன எண்ணிலிருந்து, இப்போது சொல்லும் எண்ணுக்கு முன்புவரை உள்ளவர்களை மட்டும் அனுப்பினோம். விடுபடல் நின்றது.

இதற்கும் ஒரு விலை உண்டு. உள்ளே ஒருவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டால் பின்னால் வந்த அத்தனை பேரும் காத்திருக்க வேண்டும். மாதக் கணக்கை ஒரே மூச்சில் திருத்தி எழுதும் ஒரு பெரிய வேலை எங்களிடம் இருந்தது. அதைச் சிறு துண்டுகளாக உடைக்க வேண்டியதாயிற்று.

எங்கள் குழுவில் ஈப்போவைச் சேர்ந்த மூத்த சகா ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் ‘அண்ணே’. தொடக்கத்திலேயே அவருக்கு இது பிடிக்கவில்லை. “அது அதோட அடுப்படி லா. விருந்தாளி ஏன் உள்ள போய்ப் பானையைத் திறக்கணும்?” என்றார். எனக்குக் கோபம். வேலை நடக்கிறது, இவர் தத்துவம் பேசுகிறார் என்று நினைத்தேன்.

அவர் சொன்னது முதலில் எங்கள் கண்காணிப்புத் திரையில் பலித்தது. எண் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்க்க ஒரு வரைபடம் போட்டிருந்தேன். அதிகாலை மூன்று மணிக்கு, ஒரு வாடிக்கையாளர்கூட இல்லாத நேரத்தில், எண் விநாடிக்கு ஒன்றாக ஏறிக்கொண்டே இருந்தது. யார் எழுதுகிறார்கள்? ஊடுருவலோ என்ற பயம் வேறு. அரை நாள் தேடினேன். எழுதியது நானே. அந்தச் செயற்கூறை அழைத்தால், உங்களுக்கு எண் இல்லையென்றால் அது ஒன்றைப் புதிதாகக் கொடுத்துவிட்டுத்தான் பதில் சொல்லும். வெறுமனே கேட்டதற்கே ஒரு நாளைக்கு 86,400 எண்கள். எண்ணைச் செலவழிக்காமல் நிலவரத்தை மட்டும் காட்டும் வேறு செயற்கூறுகள் அருகிலேயே இருந்தன. கையேட்டை நான் முழுதாகப் படித்திருக்கவில்லை.

எண் வீணானால் என்ன என்று கேட்கலாம். போஸ்ட்கிரெஸ் பதிவுகளில் எழுதிவைக்கும் எண் 32 பிட் அளவுடையது, ஏறக்குறைய 4.29 பில்லியன். கடிகாரம்போல அது சுற்றிவரும். பாதி வட்டம் கடந்தகாலம், பாதி எதிர்காலம். பழைய பதிவுகளை ‘இது எப்போதும் பழையது’ என்று முத்திரையிடும் துப்புரவு வேலை சரியாக நடக்காவிட்டால், ஒரு கட்டத்தில் தரவுத்தளம் புதிய எழுத்தை ஏற்க மறுத்துவிடும். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் மாண்ட்ரில் என்ற மின்னஞ்சல் சேவை இதே காரணத்தால் ஒரு நாளுக்கும் மேலாகத் தடுமாறியது. அண்ணே அந்தச் செய்தியை எல்லாருக்கும் அனுப்பியிருந்தார். வெளியே நமக்குத் தரப்படும் எண்ணில் எத்தனை சுற்று முடிந்தது என்பதும் சேர்ந்திருப்பதால் அது 64 பிட். நம் ஆயுளில் சுற்றி வராது. எங்கள் 86,400 ஆபத்தான அளவல்ல. வெட்கப்பட வேண்டிய அளவு.

நடுவே சந்தைப்படுத்தும் பிரிவிலிருந்து ஒருவர், அந்த எண்ணை ரசீதிலும் அச்சடிக்கலாமே என்றார். இரண்டாம் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மானிய டாங்கிகளின் வரிசை எண்களை வைத்து மாத உற்பத்தியை நேச நாட்டுப் புள்ளியியலாளர்கள் கணித்த கதையைச் சொன்னேன். போட்டி நிறுவனம் காலையிலும் மாலையிலும் பத்து வெள்ளி அனுப்பி இரண்டு ரசீது வாங்கினால் போதும். பேச்சு அத்தோடு முடிந்தது.

அடுத்த முறை விஷயம் பெரியது. 2021இல் புதிய கணினிக்கு மாறினோம், 13ஆம் பதிப்பு. அந்தச் செயற்கூறின் பெயரே அதில் மாறி, ‘பிஜி கரண்ட் எக்ஸாக்ட் ஐடி’ ஆகியிருந்தது. அது சின்னத் திருத்தம். தரவை இறக்கி, புதிய இடத்தில் ஏற்றினோம். அண்ணே கேட்டார்: “பதிவெல்லாம் வந்துடுச்சு. எண்ணிக்கை எங்கேருந்து ஆரம்பிக்கும்?”

எனக்கு வயிற்றைக் கலக்கியது. பழைய கணினியில் பரிவர்த்தனை எண் 310 மில்லியனைத் தாண்டியிருந்தது. இறக்கி ஏற்றும்போது பதிவுகள் வரும். உள்வீட்டு எண்ணிக்கை வராது. புதியது சில ஆயிரங்களில் நின்றது. “310 மில்லியன் வரை பார்த்துவிட்டேன்” என்று நினைவு வைத்திருக்கும் எங்கள் நிரல், அதற்குக் கீழே வரும் எதையும் திரும்பிப் பார்க்காது. ஒருவர் அல்ல, எல்லாரும் 48,213 ஆகியிருப்பார்கள். நல்லவேளையாக அது ஒத்திகை. எண்ணோடு ‘எந்தக் கணினியின் எண்’ என்பதற்கும் ஒரு கட்டம் சேர்த்தோம்.

இன்று யாராவது சிறு வணிகத்துக்கு இதே வழியைக் கேட்டால் நான் பரிந்துரைப்பதில்லை. பதிவுக்குப் பக்கத்தில் ‘அனுப்பியாயிற்று’ என்று ஒரு கட்டம் வைத்து, காலியாக இருப்பதையெல்லாம் எடுத்து அனுப்பச் சொல்வேன். அண்ணேயும் அதையே சொல்லியிருப்பார். விநாடிக்கு நூற்றுக்கணக்கில் குவியும் இடத்தில்தான் அடுப்படிக்குள் போக வேண்டிய தேவை வருகிறது.

புதுக்கோட்டைக்காரரை அந்த ஆண்டு தீபாவளிக்கு முன் தேக்கா முகப்பில் நேரில் பார்த்தேன். அம்மா நன்றாக இருக்கிறாராம். பணத்தைக் கட்டி, ரசீதைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பிவிட்டு, வாசலோரம் ஒதுங்கி நின்றார். வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. “கெளம்பலையா?” என்றேன்.

“ஊர்ல இருந்து தங்கச்சி வந்துருச்சுன்னு சொல்லட்டும்க்கா” என்றார்.