ரிப்போர்ட்டில் இல்லை, கல்லீரலில் இருக்கிறது

“வைரஸே இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. இனி மாத்திரை எதற்கு டாக்டர்?” ஹெபடைடிஸ் பி நோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. ரத்தத்தில் இல்லைதான். ஆனால் அதன் மரபுப்பொருள் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் தங்கியிருக்கிறது. ரத்தத்தில் வைரஸை எண்ணும் பரிசோதனைக்கு அது தெரியாது.

உட்கருவரை ஒரு பயணம்

பித்த உப்புகளை உள்ளிழுப்பதற்காகக் கல்லீரல் செல்லின் மேற்பரப்பில் என்.டி.சி.பி. என்ற புரதம் இருக்கிறது. வைரஸ் அதைப் பற்றிக்கொண்டுதான் நுழைகிறது. பெய்ஜிங் ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தது 2012-ல். வைரஸைக் கண்டுபிடித்த பாரூக் பிளம்பெர்க் நோபல் பரிசு பெற்று அப்போது 36 ஆண்டுகள் ஆகியிருந்தன!

நுழைந்ததும் மேலுறை கழன்றுவிடும். மிஞ்சுவது டி.என்.ஏ.வைப் பொதிந்த புரதக் கூடு. உட்கருவின் சுவரில் துளைகள் உண்டு. உரிய அடையாளக் குறி கொண்ட பெரிய புரதங்களை மட்டுமே செல்லின் சுமைதூக்கிப் புரதங்கள் உள்ளே அழைத்துப் போகும். கோயில் உற்சவத்தில் பாஸ் காட்டி நுழைவதுபோல, வைரஸ் கூடும் அதே குறியைக் காட்டுகிறது. கூட்டின் அகலம் சுமார் 36 நானோமீட்டர்; துளை அதைவிடச் சற்றே பெரிது. ஹெர்ப்பிஸ் வைரஸின் கூடு மிகப் பெரியது என்பதால், அது வாசலில் நின்றபடி டி.என்.ஏ.வை மட்டும் உள்ளே செலுத்தும். ஹெபடைடிஸ் பி கூட்டோடு துளைக்குள் புகுந்து, உட்புற முனையில் உடைகிறது.

வளையம் கலைவதில்லை

வெளிவரும் டி.என்.ஏ. சுமார் 3,200 எழுத்துகள் நீளம். அதன் இரு இழைகளில் ஒன்று அரைகுறை. அதை நிரப்பி, மூடிய வளையமாக்கித் தருபவை நம் செல்லின் பழுதுநீக்கும் நொதிகளே. பிறகு அது நம் ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றிக்கொண்டு, ஒரு குட்டிக் குரோமோசோமாக ஆண்டுக்கணக்கில் இருந்துவிடும்.

டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் புதிய வைரஸ் டி.என்.ஏ. உருவாவதைத் தடுக்கின்றன, வளையத்தைத் தொடுவதில்லை. அதனால்தான் தாமாக மருந்தை நிறுத்துபவர்களில் பலருக்கு வைரஸ் மீண்டும் பெருகுகிறது. சிலருக்குக் கல்லீரலே செயலிழக்கிறது.

கீழாநெல்லி?

1988-ல் சென்னை ஆய்வாளர்கள் பிளம்பெர்க்குடன் சேர்ந்து, கீழாநெல்லி குறித்து லான்செட் இதழில் நம்பிக்கையூட்டும் முடிவு ஒன்றை வெளியிட்டார்கள். பின்வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. பெரியவர்களுக்குத் தொற்றும் ஹெபடைடிஸ் பி பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். பாராட்டு கீழாநெல்லிக்குப் போய்விடுகிறது.

டாக்டரிடம் மறைக்காதீர்கள்

எப்போதோ வந்து குணமானவர்களிடமும் வளையம் மிச்சமிருக்கலாம். கீமோதெரபியோ, நீண்டநாள் ஸ்டீராய்டோ எடுத்தால் அதிலிருந்து வைரஸ் மீண்டும் பெருகலாம்; தொடங்குமுன் பழைய தொற்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பிறக்கும்போது தொற்றினால் சுமார் 90 சதவீதக் குழந்தைகளுக்கு அது நாள்பட்ட நோயாகும். பெரியவர்களில் 5 சதவீதத்துக்கும் குறைவு. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி போடுவது இதற்காகத்தான். தொற்று உள்ளவரின் துணைவரும் பிள்ளைகளும் பரிசோதித்துக்கொண்டு, தொற்று இல்லையென்றால் தடுப்பூசி போடலாம். ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது. ஷேவிங் பிளேடைப் பகிர்ந்தால் பரவும்.