பாட்டிலில் ஏன் பொடி மட்டும்?

குழந்தைக்குக் காதுவலி. டாக்டர் எழுதிக்கொடுத்த அமாக்சிசிலின்-கிளாவுலனிக் அமில பாட்டிலைத் திறந்தால் அடியில் கொஞ்சம் பொடிதான். கம்பெனியிலேயே தண்ணீர் கலந்து அனுப்பினால் என்ன?

அமாக்சிசிலினின் உயிர்நாடி, நான்கே அணுக்கள் கொண்ட ஒரு சின்ன வளையம். வளைத்துக் கட்டிய மூங்கில்போல விறைப்பானது. பாக்டீரியா தன் சுவரைக் கட்டப் பயன்படுத்தும் நொதியில் அந்த வளையம் திறந்து ஒட்டிக்கொள்ள, கட்டுமானம் நின்றுபோகும். ஆனால் அந்த விறைப்பாலேயே தண்ணீரிலும் அது மெல்ல உடைகிறது. கூட இருக்கும் கிளாவுலனிக் அமிலம் இன்னும் சீக்கிரம் கெடும். சூடு பட்டால் வேகம் கூடும்.

அதனால்தான் பொடியாகவே வருகிறது; வீட்டில் கலக்கும்போதும் கொதிக்கவைத்து நன்றாக ஆறிய தண்ணீர் வேண்டும். கொஞ்சம் ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்கியதும் மட்டம் இறங்கியிருக்கும். லேபிளில் உள்ள கோடுவரை மறுபடி ஊற்றுங்கள். இதை அவசரத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள். மருந்து திக்காகி, அளவு கூடிவிடுகிறது. பிறகு ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். பொதுவாக 7 நாள்தான் ஆயுள். லேபிளில் போட்டிருப்பதே கணக்கு.

பொடி முழுதாகக் கரைவதில்லை, மிதந்து பிறகு அடியில் படிகிறது. குலுக்காமல் கொடுத்தால் முதல் நாள் மருந்து குறைந்த இனிப்புத் தண்ணீர், கடைசி நாள் அளவுக்கு மீறிய மருந்து. சமையலறை ஸ்பூன் ஒவ்வொன்றும் ஓர் அளவு. பாட்டிலோடு வரும் மூடியையோ சிரிஞ்சையோ பயன்படுத்துங்கள்.

பென்சிலின் அலர்ஜி இருந்தால் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்து கொடுத்தபின் முகம் வீங்கினாலோ மூச்சு இளைத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மிச்சத்தைத் தம்பியின் சளிக்கு எடுத்துவைக்காதீர்கள்: சளி பெரும்பாலும் வைரஸ், அதற்கு இந்த மருந்து கட்டவிடாமல் தடுக்கிற சுவரே கிடையாது.