எஸ்எம்42: சட்டம் பழசு, எந்திரம் புதுசு

போலந்து ரயில்வேக்கு எஸ்எம்42 எடுபிடி வேலைக்கு வந்த இன்ஜின். யார்டில் பெட்டிகளைக் கோப்பது, பிரிப்பது, பக்கத்துப் பாதைக்குத் தள்ளிவிடுவது. உருளைக்கிழங்குச் செடியை மொட்டையடிக்கும் வண்டின் பெயரைச் சொல்லி அதை ‘ஸ்டோன்கா’ என்கிறார்கள். விரைவு வண்டிகளை இழுத்த மிடுக்கான டீசல்கள் பல பழைய இரும்புக்குப் போய்விட்டன. இது இன்னும் ஓடுகிறது.

1963-ல் க்ராக்கோவுக்கு மேற்கே ஹ்ஷானுஃப் நகரில், நீராவி இன்ஜின்களுக்குப் பேர்போன ஃபாப்லோக் தொழிற்சாலையில் முதல் வண்டி பிறந்தது. எட்டு சிலிண்டர் டீசல் எந்திரம், 800 குதிரைத்திறன். அது ஜெனரேட்டரைச் சுழற்றும். அந்த மின்சாரத்தில் நான்கு அச்சுகளிலும் உள்ள மோட்டார்கள் சக்கரத்தை உருட்டும். எடை சுமார் 70 டன், உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். நீராவி இன்ஜின்களை யார்டிலிருந்து விரட்ட இது போதும். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள்.

யார்டோடு நின்றிருந்தால் கதை சுருக்கமாக முடிந்திருக்கும். கிளைப் பாதைகளில் பயணிகள் வண்டியையும் இதன் தலையில் கட்டினார்கள். அங்கே குறுக்கே வந்தது போலந்தின் குளிர்காலம். அன்றைய பெட்டிகள் பலவற்றில் வெந்நீராவிதான் சூடு தரும். நீராவி இன்ஜினுக்கு அது பெரிய விஷயமில்லை, டீசலுக்கு எங்கே போவது? உள்ளேயே ஒரு கொதிகலனை வைத்தார்கள். எஸ்பி42 என்று புதுப்பெயர். நீராவியை ஒழிக்க வந்த வண்டி, பயணிகளின் கால் சில்லிடாமலிருக்க நீராவி சுமந்து திரிந்தது!

பிறகு பெட்டிகள் 3000 வோல்ட் மின்சூட்டுக்கு மாறின. கொதிகலனுக்கு வேலை போயிற்று. சில வண்டிகளில் அதை எடுத்துவிட்டு, பெட்டிகளுக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டரைப் பொருத்தினார்கள். அவை எஸ்யு42 ஆயின. கொதிகலனைக் கழற்றியதோடு விட்ட வண்டிகள் பழையபடி யார்டுக்கே போயின.

பெரிய மாற்றம் 2007 வாக்கில்தான். நோவி சோன்ச் நகரின் நேவாக் நிறுவனம் 6டிஜி என்ற மறுகட்டமைப்பைக் கொண்டுவந்தது. பழைய எந்திரம் போய், கேட்டர்பில்லரின் பன்னிரண்டு சிலிண்டர் சி27 வந்தது. திறன் 708 கிலோவாட். நேர்மின் ஜெனரேட்டருக்குப் பதில் ஆல்டர்னேட்டர். எந்திரத்தின் மேல்மூடியைத் தாழ்த்தி, ஓட்டுநர் அறையைப் புதிதாகக் கட்டினார்கள். முன்பு நீண்ட மூடிக்கு மறுபுறம் தண்டவாளத்தில் நிற்கும் ஆளைப் பார்க்க ஓட்டுநர் கழுத்தை நீட்டவேண்டும். இப்போது பெரிய கண்ணாடி, கூடவே ஏசி. குதிரைத்திறனைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கொக்கி மாட்டப் பெட்டிகளின் இடுக்கில் நுழைகிறவரின் உயிர், ஓட்டுநர் கண்ணில் அவர் படுவதைப் பொறுத்தது.

மிஞ்சியது என்ன? அடிச்சட்டம், சக்கரங்களைத் தாங்கும் போகிகள், அச்சு மோட்டார்கள். மற்றதெல்லாம் புதிது. ஆனாலும் ஏட்டில் அது எஸ்எம்42-தான். இதைப் ‘பழுதுபார்ப்பு’ என்றால் சிரிப்பு வரும். ‘புது இன்ஜின்’ என்றாலும் முழு உண்மையில்லை. யார்டு வேகத்தில் கனத்த இரும்புச் சட்டம் எளிதில் தேய்வதில்லை. தேய்வது எந்திரம். அதை மட்டும் மாற்றுவது கஞ்சத்தனமல்ல, சரியான கணக்கு.

பெற்றெடுத்த ஃபாப்லோக் 2013-ல் திவாலானது. எல்லா ஸ்டோன்காக்களுக்கும் புது எந்திரம் வாய்க்கவில்லை. பழைய எட்டு சிலிண்டரோடு உழைத்தவையும் ஏராளம். அவற்றுக்கு ஸ்பானர் பிடித்த கை வேண்டும், 6டிஜிக்கு லேப்டாப் பிடித்த கை வேண்டும். இரண்டும் தெரிந்த மெக்கானிக்குகளைத்தான் பணிமனைகள் தேடவேண்டியிருக்கிறது.