எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே உள்ள கூனிமேட்டிலிருந்தும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலிருந்தும் எடை மிகுதியால் அவதியுறுவோர் பலர் நம்மிடம் வருகின்றனர். ஆனால் எடைக்காக வந்திருப்பதாக அவர்களுள் மிகச் சிலரே கூறுவர். முழங்கால் வலி, மூச்சு வாங்குதல், சர்க்கரை, மாதவிலக்குக் கோளாறு, குழந்தையின்மை என்று வேறொரு காரணமே முதலில் சொல்லப்படும். எடை பார்க்கும் கருவியில் ஏறுமாறு கேட்டால் உடன் வந்தவரை வெளியே அனுப்பிவிடச் சொல்வோரும் உண்டு.

இந்த வெட்கத்தைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். அறுவைக்கு முன் நோயாளியை மருத்துவரிடமிருந்து விலக்கி வைப்பது இதுவே. அறுவைக்குப் பின் சில ஆண்டுகள் கழித்து எடை சிறிது திரும்பும்போது, மீண்டும் அவரை விலக்கி வைப்பதும் இதுவே. இக்கட்டுரையில் ‘ஒரு பெண்மணி’, ‘ஓர் உப்பளத் தொழிலாளி’ என்று குறிப்பிடும் இடங்களில் பலருடைய அனுபவங்கள் ஒன்றாக்கப்பட்டுள்ளன. அவை எந்தத் தனி மனிதரையும் குறிப்பன அல்ல.

உடற்பருமன் ஒழுக்கக் குறை அன்று

‘வாயைக் கட்டினால் போதும்’ என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் அறிவுரை. உடல் அவ்வளவு எளிதாக இணங்குவதில்லை. உணவைக் குறைத்து எடை இறங்கத் தொடங்கியதும், பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் இயக்குநீர் மிகுகிறது. நிறைவைத் தெரிவிக்கும் இயக்குநீர்கள் குறைகின்றன. உடல் தன் ஆற்றல் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. இழந்த எடையை மீட்க உடலே முயல்கிறது. பலமுறை எடை குறைத்தும் மீண்டும் ஏறியவர்கள் மன உறுதியற்றவர்கள் அல்லர்.

2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். நூற்றில் நாற்பது பேருக்கு இருக்கும் ஒரு நிலையைத் தனி மனிதரின் சோம்பல் என்று சொல்லிவிட இயலாது.

யாருக்கு அறுவை பொருந்தும்?

கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீடு. 155 சென்டிமீட்டர் உயரமும் 98 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்மணிக்கு அது ஏறத்தாழ 40.8. இந்தியரைப் பொறுத்தவரை 25ஐக் கடந்தாலே உடற்பருமன் எனக் கொள்கிறோம். 2009ஆம் ஆண்டு இந்திய வல்லுநர்கள் வகுத்த வழிகாட்டுதல், குறியீடு 37.5க்கு மேல் இருந்தாலும், சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, உறக்கத்தில் மூச்சுத் தடை போன்றவற்றுடன் 32.5க்கு மேல் இருந்தாலும் அறுவையைக் கருதலாம் என்றது. 2022இல் பன்னாட்டு, அமெரிக்க அறுவைச் சங்கங்கள் கூட்டாக வெளியிட்ட பரிந்துரை, ஆசிய மக்களுக்கு இவ்வரம்பை 27.5 வரை தாழ்த்தியது. எண் மட்டுமே முடிவு செய்வதில்லை. உணவுமுறை, உடற்பயிற்சி, மருந்து ஆகியவற்றை முறையாக முயன்ற பின்னரே அறுவை பற்றிப் பேசுவது வழக்கம்.

பெரும்பாலும் செய்யப்படுபவை இரண்டு. ஒன்றில், இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேற்பட்ட பகுதி நீக்கப்பட்டு, எஞ்சியது குறுகிய குழாய்போல் ஆக்கப்படுகிறது. மற்றொன்றில், இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறு பை அமைத்து, அது சிறுகுடலின் கீழ்ப்பகுதியுடன் நேரே இணைக்கப்படுகிறது. இரண்டுமே உண்ணும் அளவைக் குறைப்பதோடு, பசியையும் சர்க்கரையையும் ஆளும் இயக்குநீர்களையும் மாற்றுகின்றன. இன்று இவை சிறு துளைகள் வழியாகச் செய்யப்படுகின்றன.

அச்சம் நியாயமானதே

2024 ஏப்ரலில், புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னைப் புறநகரில் எடைக்குறைப்பு அறுவைக்குச் சென்று உயிரிழந்த செய்தி இக்கடற்கரை முழுவதும் பேசப்பட்டது. அதன்பின் அறுவையைப் பற்றிக் கேட்போர் அனைவரும் அச்சத்துடனேயே கேட்கின்றனர். அவ்வச்சத்தை நாங்கள் அலட்சியம் செய்வதில்லை. அனுபவமிக்க மையங்களில் இவ்வறுவையால் இறப்பு நேர்வது ஆயிரத்தில் ஓரிருவருக்கே எனினும், அந்த ஓரிருவருக்கும் குடும்பம் உண்டு. ஆகவே எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் பின்வருவனவற்றைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

• இவ்வகை அறுவை இங்கே தொடர்ந்து நடைபெறுகிறதா? செய்பவரின் அனுபவம் எவ்வளவு?
• தீவிர சிகிச்சைப் பிரிவும் இரவு பகலாக மயக்கவியல் மருத்துவரும் உள்ளனரா?
• இதயம், நுரையீரல், உறக்க மூச்சுத் தடை ஆகியவற்றின் பரிசோதனைகள் முன்னரே செய்யப்படுமா?
• உணவியல் வல்லுநரும் மனநல மருத்துவரும் குழுவில் உள்ளனரா?
• அறுவைக்குப் பிந்தைய ஆண்டுகளில் என்னைக் கவனிப்பவர் யார்?

கடைசிக் கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்காத இடத்தில் அவசரப்பட வேண்டா. செலவைப் பற்றி, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் உதவி மையத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அறுவைக்கு முன்: நாளைத் தேர்ந்தெடுத்தல்

ஓர் உப்பளத் தொழிலாளிக்கு அறுவை நாள் என்பது வருமானத்தோடு பிணைந்தது. அறுவைக்குப் பின் ஏறத்தாழ ஆறு வாரங்கள் கனமான பொருள் தூக்கலாகாது. உப்புக்கூடை சுமப்பது பற்றி எண்ணவும் கூடாது. மரக்காணம் உப்பளங்களில் மழைக்காலத்தில் உற்பத்தி நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அறுவை செய்துகொண்டால், தைக்குப் பின் பாத்திகளில் வேலை தொடங்கும்போது உடல் தேறியிருக்கும். கோடையின் உச்சத்தில் அறுவை செய்துகொண்டு மூன்றாம் வாரமே வெயிலில் இறங்குவது ஆபத்து. ஏனெனில் சிறிதாகிவிட்ட இரைப்பை, ஒரு செம்பு நீரை ஒரே மூச்சில் ஏற்காது. தாகம் எடுத்தபின் குடித்து ஈடுகட்டலாம் என்னும் பழைய வழக்கம் இனிப் பயன்படாது.

அறுவைக்கு முந்தைய இரண்டு வாரங்கள் மாவுச்சத்தும் கொழுப்பும் குறைந்த உணவு தரப்படும். ஈரல் சுருங்கி, அறுவை செய்பவருக்கு வழி கிடைப்பதற்காகவே இந்த ஏற்பாடு. புகைப்பழக்கத்தை அதற்கும் பல வாரங்கள் முன்னரே நிறுத்திவிட வேண்டும். மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னால், ‘எனக்குப் பைத்தியமா?’ என்று வருந்த வேண்டா. துயரத்தின்போது உணவையே ஆறுதலாகக் கொண்டவருக்கு, அந்த ஆறுதல் நீங்கிய பின் எதைப் பற்றிக்கொள்வது என்பதை முன்னரே பேசி வைக்கும் சந்திப்பு அது.

அறுவைக்குப் பின்: தட்டு மாறுகிறது

முதல் இரு வாரங்கள் வடிகட்டிய பருப்பு நீர், மோர், கொழுப்பு நீக்கிய பால் போன்ற நீர்ம உணவுகள். அடுத்த இரு வாரங்கள் மசித்த உணவு. பின்னர் மென்மையான உணவு. ஏறத்தாழ இரண்டாம் மாத முடிவில் வீட்டுச் சமையலுக்குச் சிறிய அளவில் திரும்பலாம். உங்கள் மையம் தரும் அட்டவணை சிறிது வேறுபட்டால் அதனையே பின்பற்றுங்கள்.

அதன்பின் வாழ்நாள் முழுதும் முதலிடம் புரதத்திற்கே. நாளொன்றுக்கு 60 கிராமேனும் வேண்டும். கடற்கரையில் வாழ்வோருக்கு இது கடினமன்று. இரண்டு முட்டை, 100 கிராம் மீன், 400 மில்லிலிட்டர் பால், 50 கிராம் பருப்பு, ஒரு சிறு கிண்ணம் தயிர் ஆகியவை சேர்ந்தால் கணக்கு நிறைவுறும். மீனைப் பொரிக்காமல் குழம்பாகவோ ஆவியில் வேகவைத்தோ உண்ணலாம். கருவாட்டில் உப்பு மிகுதி. இரத்தக் கொதிப்பு உள்ளோர் தவிர்க்க வேண்டும். முதலில் மீனும் பருப்பும் காய்கறியும், பிறகு இடமிருந்தால் இரண்டு கவளம் சோறு என்று வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

நன்கு மென்று, இருபது நிமிடங்களுக்குக் குறையாமல் உண்ணுங்கள். உணவோடு நீர் அருந்தாதீர்கள். அரை மணி நேரம் முன்னும் பின்னும் இடைவெளி விடுங்கள். நீரை நாள் முழுவதும் சிறுசிறு மிடறுகளாக ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் அருந்துங்கள். உப்பளத்தில் வேலை செய்வோர்க்கு இன்னும் மிகுதியாகத் தேவைப்படும். இடுப்பில் ஒரு நீர்ப்புட்டி எப்போதும் இருக்கட்டும். இனிப்பு உண்டவுடன் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், உணவு சிறுகுடலுக்குள் மிக விரைவாக இறங்கியது என்று பொருள். இனிப்பைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

இரும்பு, கால்சியம், வைட்டமின் பி12, வைட்டமின் டி மாத்திரைகள் வாழ்நாள் முழுதும் தொடர வேண்டியவை. ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று நிறுத்தியோர், ஓரிரு ஆண்டுகளில் சோகையுடனும் கால் மரத்துப்போதலுடனும் திரும்பி வருவதைக் காண்கிறோம். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மருந்துகளின் அளவு அறுவைக்குப் பின் விரைவில் குறைய வேண்டியிருக்கும். பழைய அளவையே தொடர்வதும் தாமாக நிறுத்துவதும் தீங்கு. மருத்துவரைக் கேளாமல் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். இரைப்பையில் புண் உண்டாகலாம்.

நோன்பு நோற்போர், முதல் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை நோன்பைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. நோயுற்றோருக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்பதைப் பள்ளிவாசல் இமாமும் எடுத்துரைப்பார். அதன்பின் நோற்க விரும்பினால், ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே எங்களைப் பார்த்து மருந்து நேரங்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

குழந்தைப்பேற்றை 12 முதல் 18 மாதங்கள் வரை தள்ளிவைக்க வேண்டும். எடை குறையும்போது மாதவிலக்கு சீராகி, எதிர்பாராமல் கருத்தரிக்க வாய்ப்பு மிகும். எனவே எந்தக் கருத்தடை முறை பொருந்தும் என்பதை அறுவைக்கு முன்னரே மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மனம் பின்தங்கி வருகிறது

மூன்றாம் மாதத்திலிருந்து தலைமுடி உதிரும். பெரும்பாலும் ஓராண்டுக்குள் மீண்டும் வளரும். வயிற்றிலும் மேற்கையிலும் தோல் தொங்கும். ‘என்ன நோய், இப்படி இளைத்துவிட்டாய்?’ என்று ஊரார் கேட்பர். கண்ணாடியில் காணும் உருவம் மாறினாலும், மனத்தில் பழைய உருவமே நெடுநாள் தங்கியிருக்கும். விருந்து வீட்டில் எல்லாரும் பிரியாணி உண்கையில் நான்கு கவளத்தோடு எழுவது, உறவிலிருந்தே எழுந்துவிட்டதுபோல் தோன்றும் என்று ஒரு பெண்மணி கூறினார். இது உண்மையான இழப்பு. அதனை இழப்பாகவே ஏற்றுப் பேச வேண்டும்.

சிலர் உணவின் இடத்தில் மதுவைக் கொள்கின்றனர். அறுவைக்குப் பின், சிறப்பாக இரைப்பைப் பையைச் சிறுகுடலோடு இணைக்கும் முறையில், மது இரத்தத்தில் விரைந்து ஏறும். பழக்கம் எளிதில் பற்றும். மனச்சோர்வோ உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ தோன்றினால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டா. 14416 என்னும் டெலி மனாஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.

எடை சிறிது திரும்பும்போது

சுவீடனில் 1987இல் தொடங்கி நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு ஒன்று, இதற்கு நல்ல விளக்கம் தருகிறது. இரைப்பையைச் சிறுகுடலோடு இணைக்கும் அறுவை செய்துகொண்டோர், முதல் ஓரிரு ஆண்டுகளில் தம் எடையில் சராசரியாக 32 விழுக்காடு இழந்தனர். பத்தாம் ஆண்டில் அவ்விழப்பு 25 விழுக்காடாக இருந்தது. அதாவது, சிறிது திரும்பியது, பெரும்பகுதி திரும்பவில்லை. அறுவை செய்துகொள்ளாதோரைவிட அறுவை செய்துகொண்டோரிடம் இறப்பும் குறைவாக இருந்தது.

ஆகவே மூன்றாம் ஆண்டில் ஐந்து கிலோ கூடினால் நீங்கள் தோற்றுவிட்டதாகப் பொருளன்று. ஆனால் அப்போதுதான் பலர் வருவதை நிறுத்திவிடுகின்றனர். ‘உங்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று வரவில்லை, டாக்டர்’ என்று இரண்டாண்டு கழித்து வந்து சொல்வோர் உண்டு. அந்த இரண்டாண்டுகளில் ஐந்து கிலோ இருபதாகியிருக்கும். இரத்தச் சோகையும் சேர்ந்திருக்கும். ஐந்து கிலோவில் வந்திருந்தால், உணவுப் பழக்கத்தைச் சரிசெய்தோ மருந்து சேர்த்தோ எளிதில் உதவியிருக்கலாம்.

குடும்பத்தினருக்கு

ஒரே சமையல் செய்யுங்கள். நோயாளிக்கென்று தனிச் சட்டி வேண்டா. வீட்டிலுள்ள அனைவருக்கும் எண்ணெயும் இனிப்பும் குறைந்தால் அனைவருக்குமே நன்மை. ‘இன்னும் ஒரு கவளம்’ என்று அன்பினால் வற்புறுத்தாதீர்கள். அது வாந்தியில் முடியும். ‘இவ்வளவு செலவு செய்தும் பயனில்லையே’ என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். நடைப்பயிற்சிக்கு உடன் செல்லுங்கள். மறுபரிசோதனைக்கும் உடன் வாருங்கள்.

உடனே வர வேண்டிய அறிகுறிகள்

• முதல் சில வாரங்களில் காய்ச்சல், கடும் வயிற்றுவலி, ஓய்விலும் நிமிடத்துக்கு 120க்கு மேற்பட்ட நாடித்துடிப்பு
• மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, ஒரு காலில் மட்டும் வீக்கம்
• ஒரு நாளுக்கு மேல் நீடிக்கும் வாந்தி, நீரும் தங்காமை
• கருநிற மலம், இரத்த வாந்தி
• நடை தள்ளாடுதல், இரட்டையாகத் தெரிதல், குழப்பம்

இவற்றுள் எது நேர்ந்தாலும், காலை வரை பொறுக்கலாம் என்று எண்ணாமல் 108 ஊர்தியை அழையுங்கள்.

மறுபரிசோதனை முதல் ஆண்டில் ஒன்று, மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களிலும், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையும் நடைபெறும். எடை குறைந்திருந்தாலும் கூடியிருந்தாலும் வாருங்கள். எடைக் கருவி காட்டும் எண்ணைக் கொண்டு சிகிச்சையைத் திருத்துவதே எங்கள் பணி. அந்த எண்ணுக்காக உங்களை எவரும் இங்கே கடிந்துகொள்ள மாட்டார்.