ஓவன் இல்லாத வீட்டிலும் சாக்லேட் கேக்



தீபாவளி வந்தால் முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை, அச்சு முறுக்கு என்று நம் வீடுகளில் பலகாரத் தட்டுகள் நிறையும். அந்தத் தட்டுகளின் நடுவே இப்பொழுதெல்லாம் இன்னொரு பலகாரத்தையும் காண்கிறோம். மேலே வழவழப்பான சாக்லேட் படலம். கீழே கரும்பழுப்பான ஒரு கட்டி. அதைக் கத்தியால் வெட்டினால், உள்ளே வெளிர்நிறப் பிஸ்கட் துண்டுகள் கோலம் போட்டதைப்போல் தெரியும். பாத்தேக் துணியின் சித்திரத்தை அது நினைவூட்டுவதால், மலாய்க்காரர்கள் அதற்குக் 'கேக் பாத்தேக்' என்று பெயர் வைத்தார்கள். நோன்புப் பெருநாள் திறந்த இல்ல உபசரிப்பில் அதைச் சுவைத்த நம் பெண்கள், தங்கள் வீட்டுத் தீபாவளிக்கும் அதைச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். அதைச் செய்யும் முறையையும், ஒவ்வொரு படியையும் ஏன் அப்படிச் செய்யவேண்டும் என்பதையும் இன்றைய உரையில் காண்போம்.

முதலில், இது நமக்கு ஏன் பொருத்தமான பலகாரம்? கேக் என்றாலே ஓவன் வேண்டும் என்பது பொதுவான எண்ணம். பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களில் லயத்து வீடுகளில் இருந்தவை விறகடுப்பும் மண்ணெண்ணெய் அடுப்பும்தான். சுங்கை சிப்புட், தாப்பா, தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஈப்போவின் புந்தோங் போன்ற இடங்களுக்கும் புதிய தாமான்களுக்கும் குடிபெயர்ந்த குடும்பங்களின் வீடுகளில் இன்று எரிவாயு அடுப்பும் ஐஸ் பெட்டியும் இருக்கின்றன. ஓவன் எல்லார் வீட்டிலும் இல்லை. இந்தக் கேக்குக்கு வேண்டியவையோ ஒரு சட்டி, ஓர் அகப்பை, ஒரு தட்டு, ஓர் ஐஸ் பெட்டி. அவ்வளவுதான்.

இப்படிச் சுடாமல் செய்யும் சாக்லேட் பலகாரம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இத்தாலியர்கள் பிஸ்கட்டையும் சாக்லேட்டையும் பிசைந்து உருளையாக உருட்டிக் குளிரவைத்து, வட்டம் வட்டமாக நறுக்குகிறார்கள். கனடாவின் நனைமோ நகரில் மூன்று அடுக்குக் கொண்ட ஒரு பலகாரம் அந்த ஊர்ப் பெயராலேயே புகழ்பெற்றிருக்கிறது. இங்கிலாந்தில் இளவரசர் வில்லியம் 2011இல் மணம் முடித்தபோது, விருந்தில் அவர் கேட்டு வாங்கியது சாக்லேட் பிஸ்கட் கேக்தான்.

இதில் சேரும் பொருள்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. மேரி பிஸ்கட் 1874இல் லண்டனில் பிறந்தது. ரஷ்ய இளவரசி மரியா ஆங்கிலேய இளவரசரை மணந்ததை ஒட்டி அதற்கு அந்தப் பெயர் வந்தது. மைலோ 1934இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் மேய்ன் என்பவர் உருவாக்கிய மாவு. கொக்கோவின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் காடு. நம் பெற்றோரும் பாட்டன் பாட்டியும் சீவிய பால்மரமும் அதே காட்டிலிருந்து வந்ததுதான். பால்மரக் கன்றுகள் 1877இல் கோலகங்சாரில் நடப்பட்டன. கொக்கோ பின்னாளில் கீழ்ப் பேராக்கில், குறிப்பாகப் பாகான் டத்தோ வட்டாரத்தில், தென்னை மரங்களின் நிழலில் ஊடுபயிராக வளர்ந்தது. 1990இல் மலேசியாவின் கொக்கோ விளைச்சல் ஏறத்தாழ 2,47,000 டன். அதன் பிறகு காய்துளைப்பான் பூச்சியும் விலை வீழ்ச்சியும் வந்தன. செம்பனை கூடுதல் வருவாய் தந்ததால், கொக்கோ நின்ற நிலங்கள் பல செம்பனைக்கு மாறின. இன்று நம் ஆலைகள் அரைக்கும் கொக்கோவில் பெரும்பங்கு வெளிநாட்டிலிருந்து வருவது.

செம்பனைக்கும் நம் கேக்குக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. உண்மையான சாக்லேட்டை இறுக வைப்பது கொக்கோ வெண்ணெய். அது ஏறக்குறைய 34 டிகிரி வெப்பத்தில் உருகிவிடும். அதற்கு முன்பே இளகத் தொடங்கும். வாயில் போட்டதும் சாக்லேட் கரைவது இதனால்தான். ஈப்போவில் பிற்பகல் வெயில் 33 டிகிரியைத் தொடுவது வழக்கம் என்பதால், நல்ல சாக்லேட் நம் மேசையிலேயே குழைந்துவிடும். கடையில் சமையல் சாக்லேட் என்று விற்பதில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகப் பெரும்பாலும் செம்பனைப் பருப்பு எண்ணெயைப் பதப்படுத்திய கொழுப்பு சேர்ந்திருக்கும். உறையில் 'லெமாக் சாயூரான்' என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். அது வெயிலைச் சற்றுத் தாங்கும், விலையும் குறைவு; ஆனால் வாயில் மெழுகுபோல் ஒட்டும். விருந்தினருக்கு உடனே கொடுப்பதற்கு உண்மைச் சாக்லேட்டையும், வெளியே எடுத்துச் செல்வதற்குச் சமையல் சாக்லேட்டையும் பயன்படுத்தலாம்.

இனி, தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டு ஒன்றுக்கு அளவு சொல்கிறேன். மேரி பிஸ்கட் 300 கிராம், வெண்ணெய் அல்லது மார்ஜரின் 200 கிராம், கெட்டிப்பால் 150 கிராம், மைலோ 100 கிராம், இனிப்பில்லாத கொக்கோ மாவு 50 கிராம், முட்டை மூன்று. மேல் அடுக்குக்குச் சாக்லேட் 200 கிராம், வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. கெட்டிப்பால் டின்னில் 'கிரிமெர்' என்று எழுதியிருந்தால், அதில் செம்பனை எண்ணெய் கலந்திருக்கிறது என்று பொருள். அதுவும் இறுகும், பால்சுவைதான் குறையும்.

பிஸ்கட்டை நான்காக உடைத்துக்கொள்ளுங்கள். பொடியாக்கிவிடக்கூடாது, பொடியானால் வெட்டும்போது கோலம் தெரியாது. தட்டில் எண்ணெய்த்தாளை விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விரியுங்கள். பிறகு கேக்கைத் தூக்கி எடுக்க அதுவே கைப்பிடி.

சட்டியில் வெண்ணெயைச் சிறு தீயில் உருக்குங்கள். மைலோ, கொக்கோ, கெட்டிப்பால் ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டியில்லாமல் கிளறுங்கள். இப்பொழுது சட்டியை இறக்கிவிடுங்கள். நன்றாக அடித்த முட்டையில் இந்தச் சூடான கலவையை முதலில் இரண்டு கரண்டி விட்டுக் கலக்குங்கள். பின்னர் முட்டையை வடிகட்டிச் சட்டியில் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். நேரே கொதிக்கும் சட்டியில் கொட்டினால் முட்டை பொரியலாகிவிடும். மறுபடியும் சிறு தீயில் வைத்து, கலவை இட்லி மாவுபோல் தடித்து அகப்பையின் முதுகில் ஒட்டி நிற்கும்வரை கைவிடாமல் கிளறுங்கள். மேலே எண்ணெய் பிரிந்து மிதந்தால் தீ அதிகம் என்று பொருள். இறக்கி, இரண்டு கரண்டி வெந்நீர் விட்டு வேகமாக அடித்தால் மீண்டும் சேர்ந்துகொள்ளும்.

இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது. சுடாத பலகாரம் என்பதால் முட்டை வேகும் இடம் இந்தச் சட்டி ஒன்றுதான். பச்சை முட்டையில் சால்மோனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடும். கலவை முழுவதும் 71 டிகிரி சூட்டை எட்டினால் அது அழிந்துவிடும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் முதியவர்களும் உண்ணும் பலகாரத்தில் இந்த ஐந்தாறு நிமிடக் கிளறல்தான் பாதுகாப்பு. புரட்டாசி மாதச் சைவர்களுக்காக முட்டையைத் தவிர்ப்பதானால், கெட்டிப்பாலை 200 கிராமாகக் கூட்டி, கால் கோப்பை வெந்நீர் சேருங்கள்.

கலவையை ஐந்து நிமிடம் ஆறவிட்டுப் பிஸ்கட்டைச் சேருங்கள். கொதிக்கக் கொதிக்கச் சேர்த்தால் பிஸ்கட் ஊறிக் கூழாகிவிடும். தட்டில் கொட்டி, கரண்டியின் அடிப்புறத்தால் மூலை முடுக்கெல்லாம் நன்றாக அழுத்துங்கள். உள்ளே காற்று தங்கிய இடத்தில்தான் கேக் உதிரும். நான்கு மணி நேரம் ஐஸ் பெட்டியில் இருக்கட்டும்.

மேல் அடுக்குக்குச் சாக்லேட்டையும் வெண்ணெயையும் ஒரு கிண்ணத்தில் போட்டு, வெந்நீர்ச் சட்டியின்மேல் வைத்து உருக்குங்கள். கிண்ணமும் கரண்டியும் ஈரமின்றி இருக்கவேண்டும். ஒரு சொட்டு நீர் பட்டாலும் சாக்லேட்டில் உள்ள சர்க்கரைத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, அது மண்போல் கட்டிப்போகும். உருகியதை வெதுவெதுப்பாக ஆற்றி, குளிர்ந்த கேக்கின்மேல் ஊற்றுங்கள். அதற்குமுன் கேக்கின் மேற்புறம் வியர்த்திருந்தால் துணியால் ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் அடுக்குகள் ஒட்டாமல் வழுக்கிப் பிரிந்துவிடும். மேல் அடுக்கு அரைகுறையாக இறுகும்போதே கோடு போட்டுவிட்டால் பிறகு வெடிக்காது. வெட்டும்போது கத்தியை வெந்நீரில் தோய்த்து, துடைத்துவிட்டு வெட்டுங்கள்.

வெட்டிய துண்டுகளைக் காற்றுப் புகாத டப்பாவில் ஐஸ் பெட்டியில் வைத்து ஐந்து நாளுக்குள் முடித்துவிடவேண்டும். மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கடும் வெயில் என்றால் ஒரு மணி நேரமே போதும். முறுக்கைப்போல் வாரக்கணக்கில் டின்னில் வைக்கும் பலகாரம் அன்று இது.

பெருநாள் காலத்தில் இதைச் செய்து விற்று வீட்டுச் செலவுக்கு உதவியாகச் சம்பாதிக்கும் தாய்மார்கள் பலர் உண்டு. பொருள் விலையை மட்டும் கூட்டி விலை வைப்பது நட்டத்தில் முடியும். எரிவாயு, டப்பா, தாள், உங்கள் கையுழைப்பு ஆகியவற்றையும் கணக்கில் எழுதுங்கள். முட்டை சேர்ந்திருக்கிறதா, என்றைக்குச் செய்தது என்று டப்பாவின்மேல் எழுதி ஒட்டுங்கள். முஸ்லிம் அண்டை வீட்டாரும் வாங்குவதால், ஹலால் முத்திரையுள்ள பொருள்களையே பயன்படுத்துங்கள். நம்பி வாங்குகிறவர்கள்தாம் அடுத்த ஆண்டும் வருவார்கள்.

கடைசியாக ஒன்றைச் சொல்லாமல் இந்த உரையை முடிக்க இயலாது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, நம் நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தியர்களிடையே அது மற்ற இனத்தவரைவிட மிகுதி. நான் சொன்ன அளவில் செய்த கேக்கை 25 துண்டாக வெட்டினால், ஒரு துண்டில் சுமார் 200 கலோரியும் இரண்டு தேக்கரண்டிக்கு மேற்பட்ட சர்க்கரையும் இருக்கும். அதையே 36 துண்டாக வெட்டினால் சுவை குறையாது, ஒவ்வொருவரின் பங்கு குறையும். மைலோவைப் பாதியாக்கி, கொக்கோவை இரண்டு கரண்டி கூட்டினால் இனிப்பும் இறங்கும். கூடவே தருகிற தேநீரில் சர்க்கரையை விட்டுவிடலாம். வீட்டில் நீரிழிவு உள்ள பெரியவர் இருந்தால், அவரை மட்டும் ஒதுக்கிவைத்து மற்றவர்கள் தின்பதைவிட, எல்லாரும் சிறு துண்டாக உண்பதே நல்ல வழக்கம்.

ஓவன் இல்லையே என்ற குறை இனி வேண்டாம். பொறுமையாகக் கிளறுங்கள், அழுத்தி நிரப்புங்கள், சிறிதாக வெட்டுங்கள்.