சிக்கி நிற்கும் மரத்தை அபாயமின்றி இறக்கும் முறை

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களின் மானாவாரி நிலங்களில் தைலமரத் தோப்புகளும், ஆண்டிமடம், ஜயங்கொண்டம் பகுதிகளில் முந்திரித் தோப்புகளும் பல உள்ளன. இவற்றில் மரம் வெட்டுங்கால், வெட்டுண்ட மரம் நிலத்தில் விழாமல் பக்கத்து மரத்தின் கவையில் சிக்கி நின்றுவிடுவதுண்டு. தைலமரம் நெருக்கமாக நடப்படுவது. மறுதாம்பில் ஒரே கட்டையினின்றும் பல தண்டுகள் ஓங்கி வளர்வன. ஆதலால் சாயும் மரத்திற்குப் போதிய வெளி கிடைப்பதில்லை. புயலினாலும் இந்நிலை நேரும். 2011ஆம் வருஷம் டிசம்பர் 30ஆம் தேதி வீசிய தானே புயலில் அண்டையிலுள்ள கடலூர் ஜில்லாவின் முந்திரித் தோப்புகள் பெருஞ்சேதமடைந்ததைக் குடியானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சிக்கிய மரம் அசையாதிருப்பது கண்டு அபாயம் நீங்கிற்றென்று எண்ணலாகாது. அதன் பாரத்தை ஒரு சிறு கிளையே தாங்கிக்கொண்டிருக்கலாம். தாங்கும் மரமும் வில்லைப்போல் வளைந்து விசைகொண்டு நிற்கும். காற்றொன்று வீசினும் அது முறியக்கூடும்.

ஆகையால் பின்வருவனவற்றை ஒருபோதும் செய்தல் கூடாது:

1. தாங்கும் மரத்தை வெட்டுதல். வெட்டுபவன்மீது இரண்டு மரங்களும் விழும்.
2. வேறொரு மரத்தை அதன்மேல் சாய்த்து இறக்க முயலுதல்.
3. சிக்கிய மரத்தில் ஏறிக் கிளை கழித்தல்.
4. அடிமரத்தைத் துண்டு துண்டாக அறுத்து வருதல். மரம் எப்பக்கம் சரியுமென்று எவராலும் சொல்ல இயலாது.

முதலாவதாக, மரத்தின் உயரத்தைப்போல் இருமடங்கு தூரத்திற்கு ஆட்களையும் ஆடுமாடுகளையும் அப்புறப்படுத்த வேண்டும். மின்கம்பி அருகிலிருப்பின், மின்வாரியத்தார் வந்து மின்சாரத்தை நிறுத்தும்வரை மரத்தைத் தொடலாகாது. பின்னர் அடிமரத்தில் கம்பிவடத்தைப் பிணித்து, மரம் சாய்ந்துள்ள திசைக்கு நேர் எதிராக, தொலைவிலிருந்து டிராக்டரால் மெதுவாக இழுக்க வேண்டும். அடி பின்னோக்கி நகர நகர, நுனி கவையினின்றும் விடுபட்டுக் கீழே இறங்கும். வடம் மரத்தின் உயரத்தைவிட மிக நீண்டதாயிருத்தல் அவசியம். நைந்த வடம் உதவாது. அறுந்த வடம் சாட்டைபோல் திரும்பியடிக்கும். இழுக்கும்போது வடத்தருகே எவரும் நிற்றல் தகாது. காளைகளைப் பூட்டி இழுப்பதும் உசிதமன்று; மரம் விழும் ஓசையில் அவை மிரளும்.

அன்றே இறக்க வசதியில்லாவிடில், சுற்றிலும் கயிறு கட்டிச் சிவப்புத் துணி தொங்கவிட்டுக் காவலும் வைக்க வேண்டும். நிழலில் ஒதுங்கும் ஆடு மேய்க்கும் சிறுவருக்கும், சுள்ளி பொறுக்க வரும் பெண்களுக்கும் அவ்வபாயம் தெரியாது. கிராம அதிகாரிகள் இதை ஊரில் தெரியப்படுத்துதல் நலம்.

தோப்பைக் குத்தகைக்கு வெட்டவிடும் நிலச்சொந்தக்காரர்கள், சிக்கும் மரங்களை இழுத்து இறக்கும் செலவையும் ஒப்பந்தத்திலேயே சேர்த்துக்கொள்வார்களாக. அச்செலவு ஒரு நாள் டிராக்டர் வாடகையே. அதை மிச்சப்படுத்தப்போய்க் கூலியாளின் உயிர் போனால், எத்தொகையாலும் அதை ஈடுசெய்ய இயலாது.